உப்புச்சட்டி போன பாதை

கல்லடி
ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

உங்கள் இரண்டு பேரையும், உங்களைச் சுமந்துகொண்டு திரிகிற அந்தப் பழைய பள்ளிக்கூட வானையும் சேர்த்துச் சுகம் விசாரித்து எழுதுகிறேன். இங்கே நானும் பிள்ளையும் சுகம். சுகம் என்றால், சஷ்மிக்கு மேல் முரசில் ஒரு பல் வெளிக்கிடுகிறது, எனக்கு நித்திரை இல்லை, அவ்வளவுதான்.

போன் இருக்க என்னத்துக்குக் கடிதம் என்று அம்மா கேட்பீர்கள். உங்களோடு போனில் என்ன கதைக்கலாம் சொல்லுங்கோ. நான் வாயைத் திறக்க முன்னம் "ஓம் மகள், சுகம், சாப்பிட்டம், வைக்கிறன்" என்று வைத்துவிடுகிறீர்கள். நீங்கள் காட்டுப் பக்கம் போனால் அதுவும் இல்லை. ஒரு பொம்பிளை சிங்களத்தில் திரும்பத் திரும்ப ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதனால்தான் பிள்ளை தூங்கிய பிறகு குந்தியிருந்து இதை எழுதுகிறேன். விடிந்தால் ஏறாவூர் அஸ்கர் காக்காவின் கையில் கொடுத்துவிடுவேன். அப்பா ஓட்டின டிப்போ பஸ்ஸில் கொண்டக்டராக நின்ற மனிசன் இப்போது அதே பதுளை பஸ்ஸை ஓட்டுகிறார், அப்பாவுக்குத் தெரிந்ததுதான். நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று தெரியாமல் எப்படிக் கொடுப்பீர்கள் என்று கேட்டேன். "வல்லி அண்ணனுக்குத் தபால்காரன் தேவல்ல தங்கச்சி, டிப்போக்காரன் காணும். எந்த றோட்டில போனாலும் நம்மட ஆள் ஒருத்தன் கண்டுபோடுவான்" என்றார்.

கண்டும் போட்டார்கள். லாகுகலையில் நடந்ததைப் பொத்துவில் ட்ரைவர் டிப்போவில் வந்து முறைப்பாடாகவே சொல்லியிருக்கிறார். பஸ் ஹோல்ட்டில் ஒரு சிங்கள அம்மா கையைக் காட்டினாவாம், அப்பாவின் கால் தானாகப் போய் பிரேக்கை மிதித்ததாம். அவவும் ஏறி, நீங்கள் வானுக்குள் அடித்து வைத்திருக்கிற பலகைக் கட்டிலில் வசதியாக இருந்துகொண்டு, சியம்பலாண்டுவைக்கு டிக்கெட் எவ்வளவு என்று கேட்டாவாம். மிச்சத்தை அம்மாதான் போனில் சொன்னீர்கள், அன்றைக்கு மட்டும் வைக்க மறந்து. தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்ததும், இறங்கும்போது அவ ஒரு பூசணிக்காயைத் தந்துவிட்டுப் போனதும். பொத்துவில் ட்ரைவரின் கவலை வேறு. "வல்லி அண்ணன் பென்ஷன் எடுத்தும் எங்கட ஆக்களை ஏத்திக்கொண்டு போறார்" என்றாராம்.

சிரித்தேன். ஆனாலும் பயம். அப்பா, முன்பின் தெரியாத ஆட்களை ஏற்ற வேண்டாம். யானை றோட்டுக்கு வந்தால் ஹோன் அடிக்கவும் வேண்டாம், பஸ் அல்ல அது, வானைப் பார்த்து யானை விலகாது. பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு ஓட்ட வேண்டாம். அம்மா, நீங்கள் பிரஷர்க் குளிசையை மறந்துபோட்டு "காத்து நல்லம், குளிசை தேவல்ல" என்று சொல்லுவீர்கள் என்று எனக்குத் தெரியும். பல்கலைக்கழகத்தில் நான் புவியியல் படித்தது இதற்குத்தான் உதவுகிறது. சுவரில் இலங்கைப் படத்தை ஒட்டி, நீங்கள் நிற்கிற இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டு வருகிறேன். குமணைக்குக் கிட்ட ஒரு பெரிய கேள்விக்குறி இருக்கிறது.

இந்தப் பயணத்தை நான் குறை சொல்லவில்லை. அப்பா பதுளை றோட்டில் தலை நரைக்கும் வரைக்கும் ஓடியும், நேரத்துக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதைத் தவிர ஒன்றையும் கண்ணால் காணவில்லை என்று சொன்னது எனக்கு மறக்கவில்லை. அம்மா விடியப்புறம் எழும்பிச் சோற்றுப் பார்சல் கட்டிக் கொடுப்பீர்கள். அப்பா பின்னேரம் யானைக் கதை கொண்டுவருவார். கதை மட்டும்தான் வரும். அந்த யானையை அம்மாவுக்குக் காட்ட வேண்டும் என்று அவர் நினைத்ததில் என்ன பிழை? நான் கேட்பது ஒன்றுதான். ஏன் இப்போது?

பிள்ளையின் தகப்பன் வருகிற கிழமையல்லவா இது? கட்டாரில் இருந்து ஒரேயடியாக வருகிறார். பிள்ளையை இன்னும் கையில் தூக்கிப் பார்க்காத மனிசன். நீங்கள் இல்லாத வீட்டில் நான் தனியாக நின்று "வாங்க" என்று சொல்ல எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது. வெள்ளிக்கிழமைக்கு முன்னம் வந்துவிடுங்கோ. மின்னேரியா யானை எங்கேயும் ஓடிப் போகாது.

அம்மா, உப்புச்சட்டியை எங்கே வைத்துவிட்டுப் போனீர்கள்? குசினி முழுக்கத் தேடிவிட்டேன். நேற்றுப் பக்கத்து வீட்டுச் சுலோஜனா மாமியிடம் போய்க் கேட்டால், விளக்கு வைத்த பிறகு உப்புக் கொடுக்க மாட்டாவாம். உப்பில்லாத கறியைத்தான் தின்றேன்.

கவனம், கவனம், கவனம்.

உங்கள் மகள்
தனுஷா


கல்லடி
ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கும் அப்பாவுக்கும்,

எல்ல மலைக் குளிரில் இருக்கிற உங்களுக்கு வாவிக்கரையின் வெக்கையில் இருந்து எழுதுகிறேன். இங்கே காற்றே இல்லை. கல்லடிப் பாலத்தில்கூட ஆட்கள் பேப்பரால் விசிறிக்கொண்டு நடக்கிறார்கள்.

இவர் வந்து சேர்ந்துவிட்டார். வெள்ளிக்கிழமை விடிய வந்தார். மெலிந்து கறுத்திருக்கிறார். பிள்ளை அவரைக் கண்டதும் வீடு இடிய அழுதாள். அவர் கையை நீட்டிக்கொண்டு அப்படியே நின்றார், எனக்குத்தான் பார்க்க ஏலாமல் போனது. பிறகு நான் சொல்லிக் கொடுத்தேன், அப்பா போடுகிற பஸ் சத்தத்தைப் போட்டால் அடங்குவாள் என்று. போட்டார். இன்னும் கூட அழுதாள். அவர் போட்டது கார் சத்தம் அப்பா, உங்கள் பேத்திக்கு டிப்போ பஸ் சத்தம்தான் வேண்டும், அதுவும் மலை ஏறுகிற கியரில். இரண்டு நாளாகக் கிணற்றடியில் நின்று பழகுகிறார். இன்றைக்கு மத்தியானம் வாயாலேயே செங்கலடிச் சந்தி வரைக்கும் ஓட்டிக் காட்டினார், அவள் தோளில் தலையைப் போட்டுத் தூங்கிவிட்டாள். பல்லும் வந்துவிட்டது. அரிசி மாதிரி.

பிள்ளைக்கு அடுத்ததாக அவர் கேட்டது உங்களைத்தான். "மாமாவும் மாமியும் எங்க?" என்றார். யானை பார்க்கப் போய்விட்டார்கள் என்றேன். அவர் பெட்டியைக்கூடத் திறக்காமல், குசினிக்குப் பக்கத்தில் நீங்கள் படுக்கிற அறையை எட்டிப் பார்த்துவிட்டு வந்து குந்தினார். பிறகுதான் கேட்டார்: "அம்மன் படம் எங்க?"

நான் அந்த அறைக்குள் பிறகு போனேன், அம்மா. கண்ணகை அம்மன் படம் இருந்த ஆணி மட்டும் இருக்கிறது. சின்னப் பித்தளை விளக்கு இல்லை. அரிசி அளக்கிற கொத்து இல்லை. நீங்கள் போகும்போது வானுக்குத் திரைச்சீலை தைத்தது, பலகைக் கட்டில் அடித்தது எல்லாம் பயணத்துக்கு என்றுதான் நினைத்தேன். பயணம் போகிறவர்கள் உப்புச்சட்டி கொண்டு போவார்களா?

சுனாமிக்குப் பிறகு இந்த வீடு கிடைத்து நாங்கள் குடிவந்த அன்று நான் சின்னப் பிள்ளை. ஆனாலும் மறக்கவில்லை. ஒரு பாய்கூட உள்ளே போக முன்னம் நீங்கள் உப்பையும் விளக்கையும் அரிசியையும் கையில் ஏந்திக்கொண்டு வலது காலை வைத்தீர்கள். நான் பின்னால் ஓடிவர, "பொறு புள்ள, முதல்ல உப்புப் போகட்டும்" என்றீர்கள். அதே மூன்றும் இப்போது வானில் போய்க்கொண்டிருக்கின்றன.

இன்றைக்கு அஸ்கர் காக்கா வாய் தவறிச் சொல்லிவிட்டார், அவரில் கோபிக்க வேண்டாம். கரடியனாற்றுப் பக்கம் குளத்தடியில் ஒரு துண்டு வளவு, சின்ன வீட்டோடு, வாடகைக்கு இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னீர்களாம். பஸ் அந்த வழியால்தானே போகிறது என்று. "நான் சொன்னது எண்டு அண்ணனுக்குச் சொல்லிப் போடாத தங்கச்சி" என்று கெஞ்சினார். சொல்லிவிட்டேன்.

எனக்கு நம்முடைய பக்கத்து வழக்கம் தெரியாதா? பொம்பிளைப் பிள்ளைக்கு வீடு. கலியாணம் முடிந்தால் தாய் தகப்பன் பெரிய அறையை விட்டுச் சின்ன அறைக்குப் போவதும், மருமகன் காலூன்றிவிட்டால் அங்கால ஒரு குடில் போட்டு எழும்பிப் போவதும் இந்த ஊரில் நடக்கிறதுதான். கலியாணத்துக்கு முன்னம் அப்பா காணி பதிகிற கந்தோருக்குப் போய் வீட்டை என் பேரில் எழுதிவிட்டு வந்த அன்று இரவே நீங்கள் சின்ன அறைக்குப் பாயைக் கொண்டுபோனீர்கள். இவர் உடனே கட்டாருக்குப் போனதால் மிச்சம் நடக்கவில்லை. இப்போது அவர் வருகிறார் என்றதும் மிச்சத்தையும் செய்துபோட்டு, அதற்கு யானை என்று பேர் வைத்துவிட்டீர்கள். அப்படித்தானே?

சுலோஜனா மாமிக்கு வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கிற வேலை கூடிவிட்டது. "புருசன் வந்தான், பெத்ததுகள் றோட்டில. நல்லா இரிக்கி கா உங்கட சட்டம்" என்றா. இவர்தான் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலியடிக்குப் போய், "ஆளில்லாத வீட்ட நான் சீதனமாக் கேக்கல்லையே மாமி" என்றார். கூட்டிச் சொன்னாரோ குறைத்துச் சொன்னாரோ தெரியாது, மாமி அதற்குப் பிறகு அரைக் கொத்து உப்பைப் பேப்பரில் சுற்றி, பகலிலேயே, கேட்காமலே கொண்டுவந்து தந்தா.

நான் உப்புச்சட்டி வாங்கவில்லை. வாங்கவும் மாட்டேன்.

யாலவில் அப்பா ஜீப்பின் பின்சீற்றில் இருந்துகொண்டு முழுப் பயணமும் பிரேக் மிதித்தார் என்று கேள்விப்பட்டேன். ஜீப் ட்ரைவர் திரும்பிப் பார்த்து, கால் நோகவில்லையா என்று கேட்டானாம். அம்மா அந்த நேரத்தில் சிறுத்தையைக் கண்டீர்களாமே. இவ்வளவையும் அடுத்தவர் வாயால் கேட்க வேண்டியிருக்கிறது எனக்கு.

பதுளை பஸ் ஸ்ராண்டில் அஸ்கர் காக்கா இதைத் தருவார். அங்கே நின்றே வாசித்துவிட்டு ஒரு பதிலைச் சொல்லி அனுப்புங்கோ. நீங்கள் திரும்பி வருகிறீர்களா, இல்லையா?

உங்கள் மகள்
தனுஷா


கல்லடி
ஆவணி மாதம் பிறந்து, புதன்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கும் அப்பாவுக்கும்,

மகியங்கனையையும் தாண்டிவிட்டீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். இது பொலன்னறுவை டிப்போ வழியாக உங்களைத் தேடி வரும். மின்னேரியாவில் குளம் வற்ற வற்ற யானைகள் கூட்டமாக இறங்குகிற காலம். அவசரப்பட வேண்டாம். நின்று பாருங்கோ. முதல் கடிதத்தில் நான் வெள்ளிக்கிழமைக்கு முன்னம் வாருங்கள் என்று எழுதியதை மறந்துவிடுங்கோ.

அம்மா சொல்லி அனுப்பியதை அஸ்கர் காக்கா ஒரு சொல் விடாமல் சொன்னார். தொண்டையைச் செருமி, அம்மாவின் குரலிலேயே சொன்னார்: "வீடு உண்ட பேரில இரிக்கி புள்ள. மருமகன் வந்தா நீங்க குடும்பமா இரிக்கோணும். நாங்க நடுவில நிண்டு என்னத்துக்கு? இடைக்கிட வந்து பேத்தியப் பாத்துட்டுப் போறம். அழாத." அப்பா என்ன சொன்னார் என்று கேட்டேன். அப்பா வானின் டயரை உதைத்து உதைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாராம்.

அழாதே என்று சொன்னதால் அழவில்லை. பிள்ளை தூங்கும் வரைக்கும்.

நான் உங்களோடு வழக்கம் பற்றி வாதாட வரவில்லை. இந்தச் சின்ன வீட்டில், ஒரு சுவருக்கு அங்கால மகளும் மருமகனும் கதைப்பது கேட்கும் என்று நீங்கள் கூச்சப்படுவதும் எனக்கு விளங்குகிறது. இரவில் இருமல் வந்தால் அப்பா வாயைப் பொத்திக்கொண்டு வெளியில் போய் இருமுவது எனக்குத் தெரியாது என்றா நினைத்தீர்கள்? அந்த வானில்தான் உங்கள் இரண்டு பேருக்கும் முதன்முதலாகத் தனியாக ஒரு வீடு கிடைத்திருக்கிறது, அதுவும் விளங்குகிறது. எல்லவில் விடியும்போது அப்பா தேத்தண்ணி போட்டுக் கொடுத்து அம்மாவை எழுப்பினார் என்று போனில் சொன்னீர்களே அம்மா, அப்போது உங்கள் குரல் வேறு மாதிரி இருந்தது. நான் கேட்டிராத குரல்.

அதனால் வீட்டுக்குள் வந்து படுங்கோ என்று சொல்ல மாட்டேன்.

நான் சொல்ல வந்தது கேற்றைப் பற்றி. நம்முடைய கேற்றால் மோட்டார் சைக்கிள் வரும், ஓட்டோ வரும், வான் வராது. அதனால்தானே அப்பா இவ்வளவு காலமும் வானைச் சுலோஜனா மாமியின் மதிலோரம் விட்டு, அவவின் குரோட்டன் செடிக்கு வெயில் மறைக்கிறது என்று ஏச்சு வாங்கினார். அஸ்கர் காக்கா உங்கள் பதிலைச் சொல்லிவிட்டுப் போன பிறகு இவர் முற்றத்துக்கு இறங்கினார். பிறகு பின்னால் போய் நீட்டு இரும்பு அலவாங்கை எடுத்துக்கொண்டு வந்தார். என்ன செய்யப் போகிறீர்கள் என்று நான் கேட்க முன்னம் வலது பக்கத் தூணில் ஒரு குத்து விழுந்துவிட்டது.

தூண் முழுவதையும் எடுத்துவிட்டார். அதோடு சேர்த்து மதிலிலும் ஒரு பாகம். கட்டாரில் மற்றவர்களுக்குக் கட்டிக் கொடுத்த கை, நம்முடையதை உடைக்கும்போது அப்படி ஒரு வேகம். பிள்ளை வாசற்படியில் இருந்து ஒவ்வொரு குத்துக்கும் கை தட்டினாள். வானின் அகலம் தெரியாமல் எவ்வளவு உடைப்பது என்று யோசித்தபோது, மாமியே வந்து தன் மதிலோரத்து மண்ணில் கிடந்த டயர்த் தடத்தைக் காட்டி, "இத அளந்து பார் தம்பி, இவ்வளவு காலமும் என்ட செடிக்குப் பக்கத்தில நிண்டது எனக்குத் தெரியாதா" என்றா. அளக்க வேலிக் கம்பு ஒன்றை முறித்துக் கொடுத்ததும் அவதான்.

முற்றத்தில் மாமரத்தின் கீழே, நிழல் அதிகம் விழுகிற இடத்தில், இவர் கல்லுப் பரப்பித் தட்டையாக்கி வைத்திருக்கிறார். குசினியில் இருந்து ஒரு வயர் இழுத்து மரத்தில் ஒரு பல்ப் போட்டிருக்கிறார். வான் அங்கே நிற்கலாம். நீங்கள் அதிலேயே படுங்கோ. அதிலேயே சமையுங்கோ, தேத்தண்ணி போட்டுக் குடியுங்கோ, எங்களைக் கூப்பிடவும் வேண்டாம். மழை பெய்தால் உள்ளே வாங்கோ, இல்லாவிட்டால் வர வேண்டாம். மாசி மாதத்தில் மலைக்குப் போக ஆசை வந்தால் ஸ்ரார்ட் பண்ணிக்கொண்டு போங்கோ, கேற் அகலமாகத்தான் இருக்கிறது. வெளியில் போவதற்கும் சேர்த்துத்தான் உடைத்தோம். ஆனால் திரும்பி வந்து நிற்கிற இடம் கரடியனாறு அல்ல.

ஒரு சிக்கல் இருக்கிறது. பழைய கேற் இந்த அகலத்துக்குக் காணாது. இவர் இரும்புக்காரரிடம் புதிதாக ஒன்று செய்வித்துக் கொண்டுவந்துவிட்டார், மதிலில் சாய்த்துக் கிடக்கிறது. எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று தெரியாமல் மாட்டவில்லை. உள்பக்கம் திறந்தால் மாமரத்தில் இடிக்குமா, வெளிப்பக்கம் திறந்தால் மாமியின் செடியில் இடிக்குமா என்று நாங்கள் இரண்டு பேரும் சண்டை பிடித்தோம். றிவேர்ஸில் உள்ளே வருகிறவர் அப்பாதான், அவர் சொல்ல வேண்டும். அது வரைக்கும் வளவு திறந்தபடிதான். நேற்று ஒரு மாடு உள்ளே வந்து பப்பாசிக் கன்றைத் தின்றுவிட்டுப் போனது. இவர் ஒரு கயிறு கட்டியிருக்கிறார். மாடு கயிற்றுக்குக் கீழால் குனிந்து வருகிறது.

உப்பு இன்னும் மாமி வீட்டில் இருந்துதான் வருகிறது. கல்லடிக் கடைகளில் உப்பு முடிந்துவிட்டதா என்று இன்றைக்கு மாமி கேட்டா. இல்லை, சட்டி பயணம் போயிருக்கிறது, வரும் என்றேன். அவ முகத்தை அங்கால திருப்பிக்கொண்டு, எப்ப வரும் எண்டு கேட்டுச் சொல்லு புள்ள, என்றா.

நீங்கள் வருகிற அன்று, அம்மா, முன்சீற்றில் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு வாங்கோ. அப்பா வானைத் தெருவிலேயே கொஞ்சம் நிறுத்தட்டும். நீங்கள் இறங்கி உப்போடும் விளக்கோடும் அந்தப் புதிய வாசலால் வலது காலை வையுங்கோ. நான் செம்பில் தண்ணீரோடு நிற்பேன், பிள்ளை இவர் இடுப்பில் இருப்பாள். இந்த முறை நான் முந்தி ஓட மாட்டேன். முதலில் உப்புப் போகட்டும்.

உங்களை அந்த அம்மனும், றோட்டில் வருகிற யானைகளும் பத்திரமாக வழிவிட்டு அனுப்ப வேண்டும்.

உங்கள் வீட்டில் இருந்து
உங்கள் மகள்
தனுஷா